நாயகியின் முதுகு

ஸ்டுடியோவில் எல்லாரும் அவளைப் பந்து என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவள் வைத்த பெயர் ஒன்று இருந்தது; கோபம் தலைக்கேறினால் மட்டும் அண்ணி அதைச் சொல்லிக் கூப்பிடுவாள். பந்துக்கு வேலை, விழுவது. படியிலிருந்து, வண்டியிலிருந்து, மேசையிலிருந்து, ஒரு தடவை ஓடுகிற குதிரையிலிருந்து. அது பேசாத படங்களின் காலம். சிரிப்புப் படம் என்றால் யாராவது உதைபட வேண்டும், யாராவது உருள வேண்டும். அந்தக் கம்பெனியின் நாயகிக்கு உருளத் தெரியாது. ஆகவே நாயகியின் உடையைப் போட்டுக்கொண்டு, நாயகியின் முடி மாதிரியே செய்த டோப்பாவை மாட்டிக்கொண்டு, பந்து உருண்டாள்.

பதினோரு வயதில் அம்மாவோடு ஒரு நீராவிச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனவள். கீழே துணி வேகும், மாடியில் காயும். நடுவே இருபத்திரண்டு படிகள், அத்தனையிலும் சோப்புத் தண்ணீர். ஒரு நாள் ஈரப் படுக்கை விரிப்புகள் நிரம்பிய கூடையைக் கட்டிப் பிடித்தபடி மேலிருந்து கீழே வந்து விழுந்தாள். எழுந்து பார்த்தால் உடம்பில் கீறல் இல்லை, விரிப்பில் அழுக்கு இல்லை. துணி பிழிகிற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இன்னொரு தரம் விழுடி, பார்ப்போம்" என்றார்கள். மறுபடி விழுந்தாள். மேற்பார்வைக்காரி வந்து கன்னத்தில் ஒன்று வைத்தாள். விழுந்ததில் வலிக்கவில்லை, அறைந்ததில் இரண்டு நாள் காது அடைத்திருந்தது.

அண்ணன் தச்சு வேலைக்காரன். ஸ்டுடியோவில் பொய் வீடுகள் கட்டுகிற வேலை அவனுக்குக் கிடைத்தது. பெண் வேடம் போட்ட ஆம்பிளைகள் மூட்டை மாதிரி விழுகிறார்களே என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்ட ஒரு நாள், அண்ணன் வாயில் கவ்வியிருந்த ஆணிகளை எடுத்துவிட்டு, "என் தங்கச்சி விழுவா சார்" என்றான். அப்போது அவளுக்குப் பத்தொன்பது.

ஏழு வருஷத்தில் வலது மோதிர விரல் இரண்டு தடவை உடைந்தது. மூக்கு ஒரு தடவை. கணுக்கால் மழைக்கு முன்னால் வலிக்கும். விழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், முழங்கையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், இடுப்பு முதலில் போக வேண்டும், தலை கடைசியில். இவையெல்லாம் அவளே கண்டுபிடித்தவை. டைரக்டர் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: என்ன ஆனாலும் முகத்தைக் கேமராப் பக்கம் திருப்பக் கூடாது. முதல் வருஷம் ஒரு தடவை திருப்பிவிட்டாள். டைரக்டர் வாயில் வைத்துக் கத்துகிற தகர ஊதுகுழலை எறிந்தார். புருவத்தில் பட்டுக் கிழிந்தது.

"உன் மூஞ்சியைப் பார்க்கவா ஜனங்க வர்றாங்க? அவங்க பார்க்கறது அம்மாவோட முதுகு. நீ முதுகு, அவ்வளவுதான். முகம் தெரிஞ்சுதுன்னா எடுத்தது அத்தனையும் குப்பை!"

அதற்குப் பிறகு அவள் திருப்பியதே இல்லை. தூக்கத்தில்கூட ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துத்தான் படுப்பாள்.

நாயகியை எல்லாரும் அம்மா என்பார்கள். நல்ல உயரம், அகலமான தோள். பின்னாலிருந்து பார்த்தால் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. புருஷன் குதிரை வியாபாரி. லாயத்தில் சாணம் அள்ளித் தொடங்கி, குதிரை வாங்கி விற்று மேலே வந்தவர். ஆனால் பந்தய மைதானத்துப் பெரிய மனிதர்களிடம் தன்னைப் பரம்பரை ஜமீன் மாதிரி காட்டிக்கொண்டிருந்தார். மனைவி யார் என்று கேட்டவர்களிடம், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரியின் மகள், கூச்ச சுபாவம், வெளியே வர மாட்டாள் என்று அளந்து வைத்திருந்தார். அந்தப் பெரிய மனிதர்கள் மலிவுச் சிரிப்புப் படங்கள் பார்க்கிறவர்கள் இல்லை என்ற தைரியம். நாயகியோ கல்யாணத்தோடு படத்தை விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று பகலில் நடிக்க வந்துகொண்டிருந்தாள். அவர் ஊரை ஏமாற்றினார், அவள் அவரை ஏமாற்றினாள். முழுக்கை உடை போடாமல் அவள் ஸ்டுடியோவுக்கு வந்ததில்லை. பவுடர் பூசுகிற பெண்ணுக்கு மட்டும் காரணம் தெரியும். முகத்துக்கு ஆகிற பவுடரைவிடத் தோளுக்கும் முதுகுக்கும்தான் அதிகம் ஆனது.

அந்த முறை எடுத்த படம் ஒரு வேலைக்காரியின் கதை. எஜமானியின் பட்டு உடையை எடுத்துப் போட்டுக்கொண்டு பெரிய விருந்துக்குப் போகிறாள். எல்லாரும் அவளை இளவரசி என்று நினைத்துக் கும்பிடு போடுகிறார்கள். கடைசியில் அந்த வீட்டுக் காரியஸ்தர் கண்டுபிடித்து, பிரம்பால் அடித்துப் படியில் உருட்டி விடுகிறார். அந்தப் படிக்கட்டை அண்ணன்தான் செய்தான். பதினெட்டுப் படி, மேலே ஒரு பலகை, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. கூரை இல்லாத பெரிய கொட்டகை அது. வெயிலை மட்டுப்படுத்த மேலே வெள்ளைத் துணி கட்டியிருக்கும். படத்துக்குச் சத்தம் கிடையாது என்பதால் ஒரு பக்கம் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் ஆணி அடிப்பார்கள், ரம்பம் இழுப்பார்கள், டைரக்டர் தொண்டை கிழியக் கத்துவார்.

காரியஸ்தர் வேடத்துக்கு நாடகக் கம்பெனியிலிருந்து புதிதாக ஒருவரை வரச் சொல்லியிருந்தார்கள். அவரை யாரும் பார்த்ததில்லை. கறுப்புக் கோட்டும் பிரம்புமாக ஒரு ஆள் வந்தால் நேரே படிக்கட்டு செட்டுக்கு அனுப்பு என்று காவல்காரனுக்கு உத்தரவு.

முந்தின நாள் மாலை பந்தய மைதானத்தில், குதிரை வியாபாரியின் மனைவியை ஒரு தடவை வண்டியில் பார்த்திருந்த ஒரு பெரிய மனிதர் தன் வீட்டுச் சமையல்காரியிடமிருந்து பிடுங்கிய ஒரு சினிமாப் படத்துண்டை நாலு பேர் நடுவே நீட்டி, "இது உங்க ராணுவ மாமனார் பொண்ணு மாதிரி இருக்கே?" என்று கேட்டுவிட்டார். குதிரை வியாபாரி அன்று வீட்டுக்குப் போகவே இல்லை. காலை வரை குடித்தார். பத்து மணிக்கு ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். கறுப்புக் கோட்டு. கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. காவல்காரன் எழுந்து சலாம் வைத்து, "அந்தப் பக்கம் சார், படிக்கட்டுல. உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்காங்க" என்று கையைக் காட்டினான்.

பந்து பலகை மேல் முதுகைக் காட்டி நின்றாள். கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் டைரக்டர் ஊதுகுழலில், "நிக்காதே, அப்படியே ஏறு! ஏறிப் போடு!" என்று கத்தினார். அவர் ஏறினார்.

முதல் அடி இடுப்புக்கு மேலே விழுந்தது. துணியைச் சுருட்டிச் செய்த பொய்ப் பிரம்பு இல்லை என்பது உடனே தெரிந்தது. புது ஆள், பழக்கம் இல்லை என்று நினைத்துக்கொண்டு, "அண்ணே, மெதுவா. பக்கவாட்டுல அடிங்க" என்று பல்லுக்கிடையில் சொன்னாள். இரண்டாவது அடி காதோடு சேர்த்து விழுந்தது.

"யாரைக் கேட்டுடி இங்க வந்தே? நாலு பேர் நடுவுல என் மானத்தை வாங்கணும்னு எத்தனை நாளா நினைச்சிட்டிருந்தே?"

நாடகக்காரர்கள் இப்படித்தான். சத்தம் பதியாது என்று தெரிந்தாலும் முழு வசனத்தையும் பேசுவார்கள். பந்து அப்போதும் வேலை என்றே நினைத்தாள். மூன்றாவது அடியில் இடது கழுத்தெலும்பு உடைந்தது. அந்தச் சத்தம் மரக்கிளை முறிகிற மாதிரி அவளுக்கு உள்ளே கேட்டது. இது வேலை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. முகத்தைக் காட்டினால் போதும், நான் அவளில்லை என்று தெரிந்துவிடும். திரும்ப வேண்டும் என்று நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை. ஏழு வருஷப் பழக்கம் தலையைப் பிடித்துக் கேமராவுக்குப் புறம்காட்டியே வைத்திருந்தது. இன்னும் இரண்டு அடி அப்படியே வாங்கினாள். கீழே டைரக்டர், "விடாதே! இன்னும்! இன்னும்!" என்று குதித்துக்கொண்டிருந்தார்.

குதிரை வியாபாரி அவள் முடியைப் பிடித்து இழுத்தார். டோப்பா கையோடு வந்தது. உள்ளே ஒட்ட வெட்டின தலை. இரத்தம் வழிகிற ஒரு அந்நிய முகத்தை அவர் இரண்டு கையகல தூரத்தில் பார்த்தார். கையில் டோப்பாவோடு அவர் விழித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்துக் கொட்டகையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவர் முகம் கறுத்தது. டோப்பாவை வீசிவிட்டு, காலைத் தூக்கி அவள் வயிற்றில் ஓங்கி உதைத்தார்.

பிரம்படியெல்லாம் வேறு யாருக்கோ வந்தது, தபால் மாறி வந்த மாதிரி. அந்த உதை மட்டும் மாறி வரவில்லை. அது மனைவி இல்லை என்று தெரிந்த பிறகு கொடுத்த உதை. இதைத்தான் பந்து கடைசி வரை மறக்கவில்லை.

பதினெட்டுப் படியும் உருண்டாள். மூச்சை விடவும் இல்லை, முழங்கையை இழுக்கவும் இல்லை. கீழே வந்து கிடந்தபோது விலா எலும்பில் இரண்டும் முன்பல் ஒன்றும் போயிருந்தன. வாயைத் திறந்து கத்தினாள். பக்கத்து செட்டில் அண்ணன் உத்தரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான், அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"யாருப்பா இந்த ஆளு? பிரமாதம்!" என்று டைரக்டர் கை தட்டினார். அதே சமயம் வாசல் பக்கமிருந்து இன்னொரு கறுப்புக் கோட்டு மூச்சு வாங்க ஓடி வந்தது. "மன்னிக்கணும் சார், வண்டி கிடைக்கல. காரியஸ்தர் வேஷம் நான்தான்."

கேமராவின் கைப்பிடி நின்றது. படி மேல் நின்றவர் கோட்டைச் சரி செய்துகொண்டு, "என் மனைவி எங்கே?" என்று கேட்டார். வந்திருப்பது யார் என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. பெரிய மனிதர் அல்லவா? இரண்டு பேர் ஓடிப்போய் அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பந்து படிக்கட்டின் அடியிலேயே கிடந்தாள். எதிரே ஒப்பனை அறை ஜன்னல். அதன் பலகைச் சந்தில் பாதி பவுடர் பூசிய முகம் ஒன்று தெரிந்தது. நாயகி ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இருவர் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. ஜன்னல் சாத்திக்கொண்டது.

அதற்கப்புறம் எல்லாரும் சேர்ந்து அதைப் பூசி மெழுகினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "படியில விழுந்தியா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுதிக்கொண்டார். கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்தது: வேலையின்போது கால் தவறி விழுந்தாள். அண்ணன் கையெழுத்துப் போட்டான். போடாவிட்டால் அவன் வேலையும் போகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணி அன்று அவனுக்குச் சாப்பாடு போடவில்லை. "கை இருக்குன்னு கையெழுத்துப் போட்டியா? அந்தக் கையாலயே ஆக்கித் தின்னுக்கோ" என்றாள். அவளே போலீசுக்கும் போய் வந்தாள். அங்கிருந்த அதிகாரி சிரித்துவிட்டாராம். "அடி வாங்கறதுதானேம்மா அந்தப் பொண்ணுக்கு வேலை? இதுல நான் எதைன்னு விசாரிக்கறது?"

பத்து வாரம் கழிந்தது. இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. நாயகியைப் புருஷன் அன்றே வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டதால் மீதியை அவள் இல்லாமலே முடித்து, படத்தை வெளியே விடுவதற்கு முன்னால் வேலைக்காரர்களுக்கெல்லாம் கொட்டகையில் போட்டுக் காட்டினார்கள். அண்ணன் வேண்டாம் என்றான். பந்துதான் பிடிவாதமாக அவனையும் இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அடிப்பதை அவர்கள் வெட்டவில்லை. ஒன்றுவிடாமல், அவள் முகம் தெரிந்ததைக்கூட வைத்திருந்தார்கள்; சிரிப்பு வந்தால் முகமும் குப்பை இல்லை போலும். பிரம்பு இறங்கியது. சனம் சிரித்தது. அவளோடு ஏழு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், தண்ணீர் கொண்டுவருகிறவர், பவுடர் பூசுகிற பெண், எல்லாரும். டோப்பா கழன்றபோது கொட்டகை அதிர்ந்தது. தன் பக்கத்திலேயே ஒரு சிரிப்பு வெடித்ததைக் கேட்டுப் பந்து திரும்பினாள். அண்ணன். அவன் அன்று ஒன்றையும் பார்க்காதவன். சிரிப்பு அவனை மீறி வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டான். பொத்திய கைக்கு மேலே கண் கலங்கியது. திரையில் அவள் வாய் இவ்வளவு பெரிதாகத் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில், தெருமுனையில் அண்ணன், "எனக்குத் தெரியாம வந்துடுச்சும்மா" என்றான். "பரவாயில்லண்ணே, சிரிப்பாத்தான் இருந்துது" என்றாள் அவள். அது பொய்யும் இல்லை.

மூன்று நாள் கழித்து முகத்திரை போட்டுக்கொண்டு நாயகி வந்தாள். அண்ணி கதவைத் திறந்தவள், யாரென்று தெரிந்ததும் நகராமல் வாசலிலேயே நின்றாள். பந்துதான் உள்ளே விடச் சொன்னாள். நாயகி உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமை படம் வருது. சுவர்லெல்லாம் என் முகத்தை ஒட்டப் போறாங்க. வர்ற அன்னிக்கு என் காலை ஒடிச்சிடுவேன்னு சொல்லியிருக்கார். ஒடிச்சிட்டா இனிமே கேமரா முன்னாடி நிக்க முடியாதுல்ல. சொன்னா செய்வார்."

"எங்காவது போயிடுங்கம்மா."

"எங்கே போறது? பின்னாடியே வருவார். அவருக்கு ஒரு தடவை கோபம் இறங்கணும். அடிச்சு முடிச்சிட்டா ஒரு மாசம் நல்லா இருப்பார்." நாயகி கைவளையல்களைக் கழற்ற ஆரம்பித்தாள். "வெள்ளிக்கிழமை மத்தியானம் என் அறையில என் உடையில நீ இரு. திரையெல்லாம் போட்டு இருட்டா வச்சுடறேன். அவருக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்து அவர் அடிச்சதே இல்ல. முகம் வீங்கினா வெளியில தெரிஞ்சிடும்னு எப்பவும் பின்னாலிருந்துதான். உனக்கு எப்படி வாங்கணும்னு தெரியும். எனக்குத் தெரியல. என் உடம்பு தாங்கலடி."

அண்ணி துடைப்பத்தை எடுத்துவிட்டாள். "உன் உடம்பு தங்கம், இவ உடம்பு தகரமா? எந்திரி... நிக்கறியா? அப்ப அப்படியே நட!"

பந்து அண்ணியின் கையைப் பிடித்தாள். நாயகியின் முகத்திரைக்குள் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் எடுக்க ஆளனுப்புகிற மாதிரி அடி வாங்க ஆள் கேட்டு வந்திருக்கிறாள். பந்துக்குக் கோபம் வரவில்லை. குளிர்ந்து போய் ஏதோ ஒன்று வயிற்றில், அந்த உதை விழுந்த இடத்தில், இறங்கி உட்கார்ந்தது.

"வளையலைப் போட்டுக்கங்க. வரேன்."

அண்ணிக்கு அன்றைக்கெல்லாம் ஒன்றும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பந்து அவன் பையிலிருந்து கொட்டாப்புளியை எடுத்தாள். உளி அடிக்கிற கட்டை, கைப்பிடி வழவழவென்று தேய்ந்தது. நிமிர்ந்தால் அண்ணி நின்றிருந்தாள். அண்ணி உள்ளே போய் ஒரு துண்டைக் கிழித்துக் கொண்டுவந்து, "பிடியில சுத்திக்கோ. கை வேர்த்தா வழுக்கும்" என்றாள். பிறகு தன் பஞ்சு மெத்தையைப் பிரித்து அவள் முதுகில் இரண்டு மடிப்பாக வைத்து இறுக்கிக் கட்டினாள்.

குதிரை வியாபாரியின் வீடு லாயத்துக்குப் பின்னால் இருந்தது. வேலைக்காரர்களை நாயகி அனுப்பிவிட்டிருந்தாள். மாடியறையில் நீலப் பட்டு மேலங்கியும் டோப்பாவுமாகப் பந்து கதவுக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்தாள். கட்டை மடியில் இருந்தது. நாயகி பக்கத்து உடையறையில் ஒளிந்துகொண்டாள். கீழே குதிரைகள் காலை உதைத்துக்கொண்டிருந்தன. ஒரு மணிக்கு மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் ஏறியது. பந்து தன்னை அறியாமல் மூச்சை வெளியே விட்டாள்.

அவர் சுவரிலிருந்து கிழித்த விளம்பரத் தாளை அவள் தலைமேல் எறிந்தார். "ஊரே பார்க்குது. ஊரே!" பிரம்பு இறங்கியது. மெத்தை பாதியை வாங்கிக்கொண்டது, மீதியை அவள் வாங்கினாள். ஒரு அடி மட்டும் வாங்குவது என்று முன்னமே முடிவு செய்திருந்தாள்.

எழுந்து முகத்தைத் திருப்பினாள்.

"நீ... அந்த..." என்றார் அவர்.

கட்டை பிரம்பு பிடித்திருந்த மணிக்கட்டில் விழுந்தது. பிரம்பு உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. மறு கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அதிலும் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கு அடையாளம் தெரியும். பெரிய உடம்பு, நிறையக் குடித்த உடம்பு. முட்டி மடங்கித் தரையில் உட்கார்ந்தது. தோளில் அடித்தாள். தொடையில் அடித்தாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி "அம்மா, அம்மா" என்று அலறினார். அவருக்கு விழத் தெரியவில்லை என்பதை அவள் கவனித்தாள்; தலையை முன்னால் கொடுத்து விழுகிறார், முழங்கையை வெளியே வைத்திருக்கிறார். கை தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நன்றாக இருந்தது. அது அவ்வளவு நன்றாக இருந்ததுதான் பின்னால் அவளைப் பயமுறுத்தியது.

உடையறைக் கதவு திறந்தது. நாயகி முதலில் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "போதும்" என்றாள். "போதும், போதும்!" என்று கத்தினாள். பந்துக்குக் கேட்டது. கேட்ட பிறகும் ஒரு அடி அடித்தாள், முழங்காலில். நாயகி பாய்ந்து வந்து அவர்மேல் கவிழ்ந்தாள். இரத்தம் வழிகிற அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கொலைகாரி! பேயே! வெளியே போ!" என்றாள்.

அந்த நேரத்தில் அண்ணன் படியேறி ஓடி வந்தான். மத்தியானம் அண்ணி மனசு கேட்காமல் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள். பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினான். அவள் காற்றிலும் கட்டையை வீசினாள். அவன் நெற்றியில் பட்டது. "நான்தாம்மா, நான்தான், அண்ணன்" என்று சொல்லிக்கொண்டே அவளைப் படியில் இறக்கிக் கொண்டுபோனான். லாயத்து ஆட்கள் குதிரைத் தொட்டிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. அவர்களும் அவர் பிரம்பை அறிந்தவர்கள்.

போலீஸ் வரும் என்று அண்ணன் இரண்டு நாள் ஜன்னல் அருகிலேயே உட்கார்ந்திருந்தான். வரவில்லை. வேலைக்காரி ஒருத்தி கட்டையால் அடித்தாள் என்று எந்த வாயால் சொல்வார்? புதுக் குதிரை ஒன்று கீழே தள்ளிவிட்டது என்று சொல்லிக்கொண்டார். குதிரை வியாபாரியையே குதிரை தள்ளிவிட்டதா என்று பந்தய மைதானத்தில் சிரித்தார்களாம்.

நாயகி மூன்று வாரம் அவருக்குச் சோறு ஊட்டினாள், முகம் துடைத்தாள், பொத்தான் போட்டுவிட்டாள். இருபத்திரண்டாம் நாள் காலை அவர் கண் முன்னாலேயே பெட்டியை அடுக்கினாள். அவருடைய இரண்டு கையும் மாவுக்கட்டில் இருந்தன. அவர் கத்தினார், கெஞ்சினார், கதவுக்குக் குறுக்கே போய் நின்றார். அவள் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு ரயிலுக்குப் போனாள். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியாது. பந்துக்கு ஒரு கடிதமும் வரவில்லை. வரும் என்று அவள் எதிர்பார்த்தாளா என்று அண்ணி கேட்டதற்கு, "என்னைப் பேய்னு சொன்னாளே, பேய்க்கு எழுத விலாசம் வேணாமா?" என்றாள்.

படம் ஓடோ ஓடென்று ஓடியது. லாயத்து ஆட்கள் வாயிலாக விஷயம் டைரக்டர் காதுக்கும் எட்டிவிட்டது. ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"பந்து, அதை அப்படியே படமா எடுக்கலாம். நாயகி வேற ஓடிப்போயிட்டா. நீயே நடி. முகத்தோட."

"சிரிப்புப் படமா சார்?"

"பின்னே?"

அவள் சரி என்றாள். ஆசை யாரை விட்டது? இரண்டு நாள் எடுத்துப் பார்த்தார்கள். கேமரா நேராக வந்ததும் அவள் கண் தரைக்குப் போய்விடும். கழுத்து மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். அடிக்கிற காட்சியில் கட்டையைத் தூக்கியதுமே கீழே போட்டுவிட்டாள், மூன்று முறை. மூன்றாம் முறை எதிரே நின்ற நடிகரிடம் போய், "உங்களுக்கு ஒண்ணும் படலியே அண்ணே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். டைரக்டர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார். எறியவில்லை.

உடைந்த தோளோடு இனி விழவும் முடியாது. விழுகிற மற்றவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். வைக்கோலைத் தட்டிப் பார்ப்பாள், ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று படிகளைத் தடவிப் பார்ப்பாள், பிரம்பைத் தன் முன்கையில் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். புது ஆட்களுக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் பயம்.

வெள்ளிக்கிழமைகளில் சில சமயம் காரணமில்லாமல் அவள் வலது கை நடுங்கும். அதை மடியில் போட்டு இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அண்ணன் நெற்றியில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஒட்ட வெட்டியிருந்த முடியை அவள் வளர்க்க ஆரம்பித்தாள். ஆனால் இடது கை மேலே எழும்பாது. தினமும் காலை வேலைக்குப் போகுமுன் அண்ணி அவளைப் பின்னாலிருந்து பிடித்து உட்கார வைத்து, சிக்கு எடுத்து, இழுத்துப் பின்னிவிடுவாள். "ஆட்டாதே தலையை. இந்த முடிக்கு ஒரு மணி நேரம். எனக்கு வேற வேலையே இல்லைன்னு நினைச்சிட்டியா?" என்று திட்டிக்கொண்டே பின்னுவாள். பந்து கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருப்பாள்.